தங்கைக்கு ஊசி, அம்மாவுக்குப் பரிசோதனை, அக்காவுக்கு?

நலமறிவோம் – மாதாந்தப் பகுதி



ஹாலிஎல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு லயத்து வீட்டை மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. விடிந்ததும் கூடையோடு மலைக்குப் போகிறார். மூத்த மகள் உயர்தரத்தில் சித்தியடைந்து பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்; அல்லது தொழில்நுட்பக் கல்லூரிக்கோ, பிந்துனுவெவ கல்வியியற் கல்லூரிக்கோ போகிறாள். இளையவள் டவுன் பாடசாலையில் தரம் ஆறு. ஒரே கூரையின் கீழ் மூன்று பெண்கள்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்ற ஒரே நோயிடமிருந்து இந்த மூவரையும் காப்பாற்ற வழி இருக்கிறது. ஆனால் மூவருக்கும் வழி வேறு வேறு. தங்கைக்குத் தடுப்பூசி. அம்மாவுக்குப் பரிசோதனை. இந்த இரண்டும் அரசாங்க சுகாதார சேவையில் இலவசம். அக்காவின் நிலைமைதான் கொஞ்சம் சிக்கலானது. ஊசி பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது அவளுக்கு வயது கடந்திருக்கலாம். பரிசோதனைக்கு அவளை அழைக்கும் வயதோ இன்னும் வரவில்லை. அதனால் இது தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று அவள் நினைத்துவிடுகிறாள்.

உண்மையில் அந்த வீட்டில் இதை விளங்கிக்கொண்டு மற்ற இருவருக்கும் எடுத்துச் சொல்லக்கூடியவள் அவள்தான். ஆகவே இந்த மாதம் கல்லூரியில் படிக்கும் மகள்மாரை முன்னிறுத்தி எழுதுகிறோம். அம்மாமாரும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தால் மகள் வாசித்துக் காட்டட்டும்.

இது எப்படி வருகிறது?

கருப்பையின் அடிப்பாகம் குறுகி யோனிப் பாதையில் வந்து திறக்கும் இடத்தையே கருப்பைக் கழுத்து என்கிறோம். பிள்ளை பிறக்கும்போது விரிந்து வழிவிடுவது இதுதான். இவ்விடத்தில் வரும் புற்றுநோய்க்குக் காரணம் ஹியூமன் பபிலோமா வைரஸ் என்னும் கிருமி. சுருக்கமாக எச்.பி.வி. என்பார்கள். இதில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் 16, 18 என்று இலக்கமிடப்பட்ட இரண்டு வகைகளே மிகவும் பொல்லாதவை. நூறு பேருக்கு இந்தப் புற்றுநோய் வந்தால் அதில் ஏறக்குறைய எழுபது பேருக்கு இந்த இரண்டாலும்தான் வருகிறது. ஜெர்மன் நாட்டு விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன் 1983, 1984 ஆம் ஆண்டுகளில் இதைக் கண்டுபிடித்தார். அதற்காக 2008 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி உடலுறவின் வழியாகத் தொற்றுகிறது. இந்த ஒரு வரியைச் சொல்லக் கூச்சப்பட்டே நம் வீடுகளில் முழு விஷயத்தையும் மூடி வைத்துவிடுகிறோம். ஆனால் இதை விளங்கிக்கொள்ளுங்கள்: தாம்பத்திய வாழ்வுக்கு வந்த ஆண் பெண்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்தக் கிருமி வாழ்நாளில் ஒரு தடவையாவது தொற்றுகிறது. வாழ்நாள் முழுதும் கணவர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்த பெண்ணுக்கும் தொற்றலாம். கணவருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே அவரிடமிருந்து வரலாம். எனவே இந்த நோய் வந்த பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பேசுவதற்கு எவருக்கும் எந்த உரிமையும் கிடையாது. தடுமலும் காய்ச்சலும் வந்தவரை நாம் குறை சொல்வதில்லை. இதுவும் ஒரு கிருமியால் வருவதுதான்.

கிருமி தொற்றிய எல்லோருக்கும் புற்றுநோய் வந்துவிடும் என்றும் பயப்பட வேண்டாம். பெரும்பாலானோரின் உடல் ஓரிரு வருடங்களுக்குள் அதை விரட்டிவிடும். சிலருடைய உடலில் மட்டும் அது தங்கிவிடுகிறது. அப்படித் தங்கி, கருப்பைக் கழுத்தின் உயிரணுக்களை மெல்ல மெல்ல மாற்றிப் புற்றுநோயாக்க 15 முதல் 20 வருடங்கள் எடுக்கும். நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களில் இது 5 முதல் 10 வருடங்களில் நடந்துவிடலாம்.

தெமோதரையில் ரயில் சுற்றி வளைந்து தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே புகுந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சுற்றி வரும் நோய் இது. வழியில் பல இடங்களில் இதை மறித்து நிறுத்தலாம். மறிக்காமல் விட்டால்தான் கடைசி ஸ்டேஷனுக்கு வந்து சேர்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் கண்டது. 3 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் நூற்றுக்கு 94 பேர் நம் போன்ற நடுத்தர, வறிய நாடுகளின் பெண்கள். மறிக்கத் தெரிந்த நோயால் இத்தனை சாவு என்பதுதான் வேதனை. வசதி உள்ள நாட்டில் முன்கூட்டியே பிடிபடுகிறது. வசதி இல்லாத இடத்தில் முற்றிய பின் தெரியவருகிறது.

தங்கைக்கு: தரம் ஆறில் ஊசி

உலகில் இத்தடுப்பூசி முதன்முதலாக 2006 இல் அனுமதி பெற்றது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசர், சீனாவிலிருந்து வந்த ஜியான் சோ ஆகிய இருவரும் செய்த ஆய்வே இதற்கு அடிப்படை. நம் நாட்டில் 2017 ஆம் ஆண்டு தேசிய தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்க்கப்பட்டது. தரம் ஆறு மாணவிகளுக்கு, பாடசாலையிலேயே, ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள் என்று தொடங்கினார்கள். பணம் கட்டத் தேவையில்லை.

இந்த ஊசிக்குள் உயிருள்ள கிருமி இல்லை. கிருமியின் வெளிக்கூடு போன்ற ஒன்று மட்டுமே இருக்கிறது. மலையில் கொழுந்தெடுக்கும் நமக்குக் குளவிக்கூட்டைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. குளவியே இல்லாத வெறுங்கூட்டைக் காட்டி, "இந்த மாதிரிக் கூட்டைக் கண்டால் உஷாராகு" என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் இந்த ஊசி. வெறுங்கூடு கொட்டாது. பிற்பாடு உண்மையான கிருமி வந்தால் உடல் அடையாளம் கண்டு தடுத்துவிடும்.

பதினொரு வயதுப் பிள்ளைக்கு இப்போதே எதற்கு என்று சில தாய்மார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிருமி உடலுக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பே பாடம் சொல்லிக்கொடுத்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். கிருமி வந்து தங்கிய பிறகு போடும் ஊசி அதை விரட்டாது. மழை தொடங்கியபின் கூரைத் தகரம் மாற்றுவது எவ்வளவு பாடு என்று லயத்தில் வாழும் நமக்குத் தெரியும். அத்தோடு, சிறு வயதில் போடும் ஊசிக்கு உடல் தரும் எதிர்ப்புச் சக்தியும் அதிகம்.

பலன் கிடைத்ததா? கிடைத்திருக்கிறது. 17 வயதுக்கு முன் ஊசி போட்ட பெண்களிடையே இந்தப் புற்றுநோய் 88 வீதம் குறைந்திருப்பதாக சுவீடன் நாட்டு ஆய்வு 2020 இல் காட்டியது. 12, 13 வயதில் போட்டவர்களிடையே 87 வீதம் குறைந்ததாக இங்கிலாந்து ஆய்வு 2021 இல் கூறியது. ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024 இல் அறிவித்தார்கள்.

ஊசி போட்ட கையில் வலியும் சிவப்பும் வரலாம். இலேசான காய்ச்சல், தலைவலி வரலாம். இந்த வயதுப் பிள்ளைகள் எந்த ஊசிக்கும் பயந்து மயங்கி விழுவதுண்டு. அதனால்தான் ஊசிக்குப் பின் சிறிது நேரம் உட்கார வைக்கிறார்கள். அன்று காலை பிள்ளையைப் பட்டினியாக அனுப்பாதீர்கள். முன்பு ஏதாவது ஊசிக்கு ஒவ்வாமை வந்திருந்தால் சுகாதார ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அன்றைக்குக் கடும் காய்ச்சல் இருந்தாலும் சொல்லுங்கள். வேறொரு நாளில் போடலாம்.

"மலடாக்கும் ஊசியா?"

தோட்டப்புறத்தில் இந்தக் கேள்வி எழுந்தால் கேட்டவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் கொடுத்து ஊக்குவித்த காலத்தை நம் பாட்டிமார் மறக்கவில்லை. "எல்.ஆர்.டி. செய்து கொண்டாயா?" என்பது லயத்தில் சாதாரணப் பேச்சாக இருந்தது. என்ன செய்யப்போகிறார்கள் என்று சரியாக விளங்காமலே ஒப்புக்கொண்ட பெண்களும் உண்டு. அந்த அனுபவம் உள்ள சமூகம் பெண்பிள்ளைக்கு மட்டும் போடும் ஊசி என்றதும் சந்தேகப்படுவது இயல்பு.

பதில் இதுதான்: இந்த ஊசிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் எந்தப் பகையும் இல்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்பிள்ளைகள் இதைப் போட்டு, வளர்ந்து, பிள்ளை பெற்றிருக்கிறார்கள். பிள்ளைப்பேற்றைப் பறிப்பது அந்தப் புற்றுநோய்தான். நோய் முற்றினால் கருப்பையையே எடுக்க வேண்டிவரும். கதிர் சிகிச்சையும் தாய்மைக்குரிய வாய்ப்பை அழித்துவிடும். பிள்ளையின் கர்ப்பப்பையைக் காப்பதற்கே இந்த ஊசி.

"ஊசி போட்டால் பிள்ளை கெட்டுப்போகும்" என்பது இன்னொரு பேச்சு. மஞ்சள் காமாலை வைரஸ்களில் ஒன்றான ஹெபடைடிஸ் பி கூட உடலுறவால் தொற்றக்கூடியதுதான். அதற்கான தடுப்பூசியைக் கைக்குழந்தைக்கே போடுகிறோம். அதனால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போகவில்லை.

கேட்காமல் போட்டால் என்ன ஆகும்?

இந்தியாவில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2009 ஆம் ஆண்டு ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் ஆயிரக்கணக்கான சிறுமியருக்கு இந்த ஊசியைச் செயல்விளக்கத் திட்டம் என்ற பெயரில் போட்டார்கள். அவர்களில் பலர் பழங்குடிப் பிள்ளைகள். விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஊசி பெற்ற சிறுமியருள் ஏழு பேர் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டத்தை நிறுத்தினார்கள். விசாரணை நடந்தது. மரணங்களுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்று விசாரணையில் கண்டார்கள். நீரில் மூழ்கியது, பாம்பு தீண்டியது, மலேரியா என்று வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் அதே விசாரணைகள் வேறொரு குற்றத்தை வெளியே கொண்டுவந்தன. பெற்றோரிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெறாமல், விடுதிக் கண்காணிப்பாளர்களே பல பிள்ளைகளுக்காகக் கையெழுத்து வைத்திருந்தார்கள். 2013 இல் நாடாளுமன்றக் குழுவும் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

அந்தக் கையெழுத்துகளின் விலை பெரியது. நல்ல ஊசிக்குக் கெட்ட பெயர் வந்தது. இந்தியா முழுவதற்குமான திட்டம் பல வருடங்கள் பின்தள்ளப்பட்டது. அந்த வருடங்களில் ஊசி கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்!

இதற்கு நேர்மாறானது சிக்கிம். அதுவும் மலைநாடுதான், தேயிலையும் உண்டு. 2018 இல் அங்கே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் முதலில் விளக்கம் சொன்னார்கள். பிறகுதான் ஊசி போட்டார்கள். குறிப்பிட்ட வயதுச் சிறுமியரில் 95 வீதத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள்.

நமக்கு இதில் பாடம் உண்டு. பாடசாலையிலிருந்து வரும் சம்மதப் படிவத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வாசிக்காமல் கிழித்தும் போடாதீர்கள். விளங்காத மொழியில் வந்தால் தமிழில் கேளுங்கள். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. கேட்பது சலுகை ஆகாது, உங்கள் உரிமை. வீட்டில் படித்த மகள் இருந்தால் அவளே அந்தப் படிவத்தை அம்மாவுக்கு வரிவரியாக விளக்கட்டும். கையெழுத்து அம்மாவுடையது, விளக்கம் மகளுடையது.

இன்னொன்று. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஐந்தாம் தரத்தோடு தோட்டப் பாடசாலையை விட்டு வேறு பாடசாலைக்கு மாறுகிறார்கள். சிலர் அந்தக் கட்டத்திலேயே இடைவிலகிவிடுகிறார்கள். பாடசாலையில் போடும் ஊசி பாடசாலையில் இல்லாத பிள்ளைக்குத் தானாகக் கிடைக்காது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடியிருந்தபோது தரம் ஆறில் இருந்தவர்களும் முதலாவது ஊசியையோ இரண்டாவது ஊசியையோ தவறவிட்டிருக்கலாம். பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் தடுப்பூசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பதிவு இல்லையென்றால் குடும்ப சுகாதார மருத்துவமாதுவிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ விசாரியுங்கள்.

அம்மாவுக்கு: வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்

"எனக்கு ஒன்றும் இல்லையே, நான் எதற்கு கிளினிக் போக வேண்டும்?" என்பார் அம்மா. இந்த நோய் ஆரம்பத்தில் ஒன்றும் காட்டாது. காட்டத் தொடங்கும்போது வளர்ந்துவிட்டிருக்கும். நாள் முழுதும் சரிவில் நின்று கூடை சுமக்கும் பெண்ணுக்கு இடுப்புவலி என்பது தினமும் உள்ளதுதான். அதனால் நோயால் வரும் வலியையும் வேலை வலி என்று எண்ணி, தைலம் தடவிக்கொண்டு மறுநாளும் மலைக்குப் போய்விடுகிறோம்.

இந்த அறிகுறிகளில் ஏதாவது இருந்தால் வயது எதுவாயினும் உடனே வைத்தியரைக் காணுங்கள்: மாதவிலக்கு அல்லாத நாட்களில் இரத்தம் படுதல், உடலுறவுக்குப் பின் இரத்தம் படுதல், மாதவிலக்கு நின்று வருடங்கள் கழிந்தபின் மீண்டும் இரத்தம் படுதல், துர்நாற்றத்தோடு அல்லது இரத்தம் கலந்து வெள்ளைபடுதல், அடிவயிற்றில் விடாத வலி.

அறிகுறி இல்லாதவர்களுக்காக 1996 முதல் நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. சிங்களத்தில் சுவநாரி கிளினிக் என்பார்கள். 35 வயதுப் பெண்களையும் 45 வயதுப் பெண்களையும் முக்கியமாகக் கருதி இங்கே பாப் பரிசோதனை செய்கிறார்கள். கருப்பைக் கழுத்தில் இருந்து சில உயிரணுக்களை மெதுவாகத் தடவி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதுதான் பாப் பரிசோதனை. வெட்டு இல்லை, தையல் இல்லை, மயக்க மருந்து இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். கொஞ்சம் அசௌகரியமாக இருக்கலாம். மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். முதல் இரண்டு நாட்கள் உடலுறவைத் தவிர்ப்பது நல்லது. அதே கிளினிக்கில் மார்பகம், இரத்த அழுத்தம், சீனி வியாதி ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

உயிரணுக்களில் மாற்றம் இருப்பதாக முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ரயில் இன்னும் தூரத்தில் இருக்கிறது என்றே அர்த்தம். பதுளை போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்பி மேலும் பரிசோதிப்பார்கள். அந்தக் கட்டத்தில் சிறிய சிகிச்சையோடு நிறுத்திவிடலாம். பரிசோதனை செய்து முடிவைக் கேட்கப் போகாமல் விடுவதும் செய்யாமல் விடுவதும் ஒன்றே. முடிவு வரவில்லையென்றால் விடாமல் கேளுங்கள்.

சாதாரணப் பரிசோதனைகூட உயிரைக் காக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சான்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000 ஆம் ஆண்டில் தொடங்கி ஓர் ஆய்வு நடத்தினார்கள். 30 முதல் 59 வயது வரையான பெண்களின் கருப்பைக் கழுத்தில் பயிற்சி பெற்ற தாதியர் அசற்றிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தார்கள். வினாகிரியில் இருக்கும் அதே அமிலம்தான். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இப்படிப் பார்த்ததிலேயே இந்நோயால் வரும் மரணம் 35 வீதம் குறைந்ததென்று 2007 இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கும் கூலி வேலைக்குப் போகும் பெண்கள்தான். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

ஆனால் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போகும். பஸ் செலவு வேறு. "இந்த மாதக் கடன் முடியட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதற்கு அதுவே காரணம். இதை அம்மா தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை. ஒரே வயதுள்ள பெண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு நாளை ஒதுக்குங்கள். தோட்ட வைத்திய உதவியாளரிடமும் மருத்துவமாதுவிடமும் பேசி, கிளினிக்கைத் தோட்டத்திலேயே நடத்த முடியுமா என்று கேளுங்கள். மாதர் சங்கம் இருந்தால் சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுங்கள். அந்த ஒரு நாளுக்குக் கொழுந்து நிறுவை குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று தோட்ட நிர்வாகத்தோடு தொழிற்சங்கத் தலைவரும் பேசலாம். சம்பளப் பேச்சைப் போல இதுவும் தொழிலாளியின் பேச்சுத்தான்.

அக்காவுக்கு: உனக்கும் இதில் பங்கு உண்டு

இப்போது கல்லூரி மகளுக்கு வருவோம்.

2017 இல் தரம் ஆறில் இருந்தவர்கள் 2006 அளவில் பிறந்த பிள்ளைகள். ஊசி பெற்ற முதல் அணி அவர்களே. இப்போது அவர்கள் உயர்தரம் எழுதி முடித்துக் கல்லூரி வாசலுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மூத்த மாணவிகளுக்குப் பாடசாலையில் இந்த ஊசி கிடைக்கவில்லை. ஒரே விடுதி அறையில் ஊசி போட்டவளும் போடாதவளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறார்கள். இருவருக்குமே அது தெரியாமல் இருக்கலாம். பதினொரு வயதில் கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினோம், எதற்கென்று நினைவில்லை. ஆகவே முதல் வேலை, அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது கிளினிக் புத்தகத்தைப் பார்ப்பது.

ஊசி போடாதவர்கள் மனம் தளர வேண்டாம். இந்தத் தடுப்பூசியை 26 வயது வரை போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் 45 வயது வரையும் வைத்தியர் ஆலோசனைப்படி போடலாம். திருமண வாழ்வுக்கு முன் போட்டால் பயன் மிகுதி. பிறகு போட்டால் பயன் குறையும், இல்லாமற் போகாது. 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு ஊசிகளும், 21 வயதுக்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகளும் போதுமென்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் கூறியது. தனியார் வைத்தியசாலைகளில் பணம் கொடுத்துப் போடலாம், செலவு அதிகம். கடன் வாங்கியாவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். முதலில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு, வைத்தியரோடு பேசித் தீர்மானியுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது போடுவதில்லை.

ஊசி போட முடியாவிட்டாலும் வழி அடைபடவில்லை. 35 வயதில் பாப் பரிசோதனை என்பதை இன்றே மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஊசி போட்டவர்களுக்கும் இது பொருந்தும். ஊசி எல்லா வகைக் கிருமிகளையும் தடுப்பதில்லை. புகையிலையை விட்டு விலகி இருங்கள். ஆணுறை இந்தக் கிருமியை முழுதாகத் தடுக்காது, ஓரளவு குறைக்கும்.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் வைரஸின் படத்தை வரைந்து பாகம் குறித்திருப்பார்கள். அந்தப் படிப்பு விடைத்தாளோடு முடிந்துவிடக் கூடாது. நாளை ஆசிரியராகப் போகிறவர்கள் உங்களில் பலர். தரம் ஆறு வகுப்புக்கு ஊசிப் படிவம் வரும்போது அதைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பப் போவதும், தாய்மாரின் கேள்விக்குப் பதில் சொல்லப் போவதும் நீங்கள்தான். "எனக்குத் தெரியாது, கையெழுத்து வாங்கி வா" என்று சொல்லும் ஆசிரியரால் ஒரு வகுப்பே ஊசியை இழக்கும். ஐந்து நிமிடம் பெற்றோரிடம் பேசும் ஆசிரியரால் ஒரு வகுப்பே காப்பாற்றப்படும்.

தம்பிகளும் இதைக் கேட்கட்டும். இதே கிருமி ஆண்களுக்குத் தொண்டை, ஆண்குறி, ஆசனவாய் ஆகிய இடங்களில் புற்றுநோயை உண்டாக்கலாம். அவுஸ்திரேலியாவில் 2013 முதல் பாடசாலை ஆண்பிள்ளைகளுக்கும் ஊசி போடுகிறார்கள். நம் நாட்டில் பெண்பிள்ளைகளுக்கே திட்டம் தொடங்கியது. ஆனால் அறிவு இருபாலாருக்கும் பொது. மனைவியை கிளினிக்குக்கு அழைத்துப் போகும் கணவனாக, அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தகப்பனாக அவர்களுக்கும் வேலை இருக்கிறது.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

1. வீட்டிலுள்ள எல்லாப் பெண்பிள்ளைகளின் கிளினிக் புத்தகத்தையும் எடுத்து எச்.பி.வி. ஊசி பதிவாகியிருக்கிறதா, எத்தனை தடவை என்று பாருங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்.

2. அம்மா, சித்தி, பெரியம்மா, அத்தை ஆகியோரின் வயதை எழுதுங்கள். 35 ஐயோ 45 ஐயோ தொட்டவர்கள், அதைக் கடந்தும் ஒரு தடவைகூடப் பரிசோதனை செய்யாதவர்கள் யார் என்று குறியுங்கள்.

3. சுகவனிதையர் கிளினிக் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று ஹாலிஎல சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு, பிள்ளைக் காம்பிராவில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள்.

4. முதல் தடவை அம்மாவோடு நீங்களும் போங்கள். மொழி தெரியாத இடத்தில் மகள் பக்கத்தில் இருப்பது பெரிய பலம்.

5. பாடசாலைக்குப் போகாத பெண்பிள்ளை உங்கள் லயத்தில் இருந்தால் அவள் பெயரை மருத்துவமாதுவிடம் சேர்ப்பியுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் 2030 ஆம் ஆண்டுக்கென்று ஓர் இலக்கை வைத்தது. 15 வயதுக்குள் 90 வீதமான சிறுமியருக்கு ஊசி. 35 வயதிலும் 45 வயதிலும் 70 வீதமான பெண்களுக்குப் பரிசோதனை. நோய் கண்டவர்களில் 90 வீதமானோருக்குச் சிகிச்சை. ஜெனீவாவில் எழுதிய இந்தக் கணக்கு ஹாலிஎல மலைகளிலும் சரிவர வேண்டுமானால், அது லயம் லயமாக, வீடு வீடாகத்தான் சரிவரும்.

தாய்மார் கூடை சுமந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். மகளே, உன் படிப்பின் முதல் பலன் உத்தியோகம் கிடைத்த பிறகுதான் வீட்டுக்கு வர வேண்டும் என்றில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகும்போது, அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, உங்களுக்கு எத்தனை வயது?" என்று கேள். அந்த ஒரு கேள்வியில் இருந்து மற்றதெல்லாம் தொடங்கும்.